பாக்கெட்டில் எழுதியதும் மண்ணில் உள்ளதும்

தாடிக்கொம்பிலிருந்து தக்காளிக் கூடையோடு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறும் விவசாயி, சரக்கை விற்றுவிட்டுத் திரும்பும்போது மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் கம்பு மாவு வாங்குகிறார். பாக்கெட்டின் மேல் பச்சை இலைப் படமும் ‘இயற்கை’ என்ற சொல்லும் இருக்கின்றன. சாதாரண மாவைவிட விலை கூடுதல். அவர் வயலிலும் கம்பு விளைகிறது. அதற்கு அவர் யூரியா போட்டதே இல்லை. மழையை நம்பி விதைத்து, ஆட்டுக்கிடை போட்ட நிலத்தில் எடுத்த கம்பு. அதை வியாபாரி மூட்டைக் கணக்கில் வாங்கிக்கொண்டு போனார். கூடுதல் விலை யாருக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்ற கேள்வி அவருக்கு எழுவது நியாயம்தான்.

இந்தக் கேள்விக்கு விடை காண மூன்று காகிதங்களைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒன்று, உணவுப் பாக்கெட்டின் மேலுள்ள எழுத்து. இரண்டாவது, மண் பரிசோதனை நிலையம் கொடுக்கும் அட்டை. மூன்றாவது, உர மூட்டையிலும் பூச்சி மருந்துப் புட்டியிலும் ஒட்டியுள்ள சீட்டு. ஒவ்வொன்றும் ஒரு விஷயத்தைச் சொல்கிறது. மற்றொன்றைச் சொல்லாமல் விடுகிறது. சொல்லாமல் விட்டதையும் தெரிந்துகொண்டால்தான் ஏமாற்றம் இராது.

பாக்கெட்டைப் படிப்பது எப்படி?

முதலில் முன்புறத்தை விட்டுவிட்டுப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். முன்புறம் விளம்பரம், பின்புறம் சட்டத்திற்காக எழுதியது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்தது. அதன் கீழ் 2020-ல் வெளியான லேபிள் விதிகளின்படி, பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் பொருளின் பெயர், சேர்மானப் பட்டியல், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், தயாரித்தவர் முகவரி, 14 இலக்க லைசென்ஸ் எண் ஆகியவை இருக்க வேண்டும்.

சேர்மானப் பட்டியலில் ஒரு சூட்சுமம் உண்டு. எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ‘கம்பு பிஸ்கட்’ என்று முன்புறம் பெரிதாக எழுதி, பட்டியலில் மைதா முதலாவதாகவும், சர்க்கரை இரண்டாவதாகவும், கம்பு நான்காவதாகவும் இருந்தால் அது மைதா பிஸ்கட்தான். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். முதல் மூன்று பெயர்களைப் பார்த்தாலே போதும். எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம்.

இனி அந்த ‘இயற்கை’ என்ற சொல். நம் பேச்சு வழக்கில் இயற்கை விவசாயம் என்பதும் அங்கக வேளாண்மை என்பதும் ஒன்றுதான். பாக்கெட்டில் அப்படி அல்ல. வெறும் ‘இயற்கையானது’ என்ற சொல்லுக்கு 2018-ல் வந்த விளம்பர விதிகள் ஒரு பொருள் கூறுகின்றன: ஒரே உணவுப் பொருளாக, வேறு எதுவும் சேர்க்காததாக இருக்க வேண்டும். அது எப்படி விளைந்தது என்பதைப் பற்றி அந்தச் சொல் எதையும் உறுதி செய்வதில்லை. ‘நாட்டு’, ‘பாரம்பரிய’, ‘கிராமத்து’ போன்ற சொற்கள் காதுக்கு இனிமை. பயிரிட்ட முறைக்கு அத்தாட்சி அல்ல. இலைப் படத்தையும் யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம்.

அங்கக முறையில் விளைந்தது என்பதற்கு அரசு ஏற்ற வழிகள் இரண்டு. முதலாவது, 2001-ல் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். இதில் அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனம் நிலத்தை நேரில் வந்து பார்த்துச் சான்று கொடுக்கும். தமிழ்நாட்டில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இந்தப் பணியைச் செய்கிறது. இரண்டாவது, பங்கேற்பாளர் உத்தரவாதத் திட்டம். இதில் ஒரே ஊரில் அல்லது பக்கத்து ஊர்களில் உள்ள விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி கூறுகிறார்கள். சிறு விவசாயிக்குச் செலவு குறைந்த வழி இதுவே. இந்த இரு வழிகளில் சான்று பெற்ற உணவுக்கு 2017-லிருந்து ‘ஜைவிக் பாரத்’ என்ற பொது முத்திரை இருக்கிறது. விலை கூடுதலாகக் கொடுப்பவர் இந்த முத்திரையையும் சான்று எண்ணையும் பார்த்துக் கொடுக்கட்டும். முத்திரை இல்லாததெல்லாம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. தெரிந்த விவசாயியிடம் நேரில் வாங்குகிறவருக்கு அவர் வயலே சான்று. ஆனால் முகம் தெரியாதவரிடம் பாக்கெட்டில் வாங்கும்போது காகிதம் வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு வகை முத்திரைக்கும் உதாரணம் இருக்கிறது. சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது எந்த மலையில் விளைந்த பழம் என்பதைச் சொல்லும் குறியீடு. மருந்து அடித்ததா, அடிக்காததா என்பதை அது சொல்லாது. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சான்றுக்கு ஏன் இவ்வளவு காலம்?

இன்று முதல் உரம் போடுவதில்லை என்று முடிவு செய்தால் நாளைக்கே அங்கக விளைபொருள் என்று விற்க முடியாது. தேசியத் திட்டத்தில் ஓராண்டுப் பயிர்களுக்குப் பொதுவாக விதைப்புக்கு முன் 2 ஆண்டுகளும், வாழை, மா, கொய்யா போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகளும் மாற்றுக் காலம் வைத்திருக்கிறார்கள். இது வெறும் அலுவலகத் தாமதம் அல்ல. மண்ணே மெதுவாகத்தான் மாறும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அதில் அங்ககக் கரிமத்தை 0.1 சதவீதம் கூட்ட வேண்டுமானால் 900 கிலோ கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம் போடுகிறோம் என்று வைத்துக்கொண்டால், ஈரம் போக, அதிலுள்ள கரிமம் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். அதிலும் நம் வெயிலில் பெரும்பகுதி நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக வெளியேறிவிடும். மிஞ்சுவது கொஞ்சமே. ஆகவே வருடந்தோறும் விடாமல் போட்டால்தான் பலன் தெரியும்.

சத்து என்று பார்த்தால் பயிரின் வேர் எருவையோ யூரியாவையோ அப்படியே சாப்பிடுவதில்லை. எருவில் உள்ள தழைச்சத்தும் யூரியாவில் உள்ள தழைச்சத்தும் மண்ணில் அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாறிய பிறகே பெரும்பாலும் வேருக்குள் போகின்றன. வேருக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் மண்ணுக்கு. செம்மண்ணில் எரு சேர்ந்தால் ஈரம் நிற்கும், மேல் மண் இறுகுவது குறையும், சத்துகள் சீக்கிரம் அடித்துக்கொண்டு போகாது. இந்த வேலையை யூரியா செய்வதில்லை.

அதே சமயம் அளவையும் மறக்கக் கூடாது. யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து என்று அச்சிட்டிருக்கும். 45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து. நல்ல தொழுஉரத்தில் டன்னுக்கு 5 கிலோ கிடைத்தால் பெரிது. அதாவது ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக 4 டன் எரு வேண்டும். அதுவும் முதல் பருவத்திலேயே முழுவதும் பயிருக்குக் கிட்டாது. மாடு இரண்டு வைத்திருப்பவர் மூன்று ஏக்கர் மக்காச்சோளத்தை எருவால் மட்டுமே வளர்க்க முயன்றால் கை கடிக்கும். சணப்பு, தக்கைப்பூண்டு, கொளிஞ்சி விதைத்துப் பூவெடுக்கும் சமயம் மடக்கி உழுவது, பயறு வகைகளை மாற்றிப் பயிரிடுவது, கிடை போடுவது எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு சரிவரும். இலங்கையில் 2021-ல் நாடு முழுவதும் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் வெகுவாகச் சரிந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்தும்படி ஆயிற்று. அங்கக முறை தவறு என்பதல்ல இதன் பொருள். மண் தயாராகும் முன் மூட்டையை நிறுத்தியதுதான் அங்கே நடந்தது. சிறு விவசாயி முதலில் ஒரு வயலில் தொடங்கி, எருவுக்கும் தழைக்கும் வழி செய்துகொண்டு, பிறகு மற்ற வயல்களுக்குப் போவது நல்லது. சான்றுக்குப் பதிவு செய்யும்போது, நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற விதி இடம் தருகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றுக் காலத்தில் விளைச்சல் குறையலாம், கூடுதல் விலையும் கிடைக்காது. இந்த இரண்டையும் தாங்க வழி இருக்கிறதா என்று பார்த்தே இறங்க வேண்டும்.

பக்கத்து வயல்காரர் விசைத்தெளிப்பானால் மருந்து அடித்தால் காற்றில் அது இந்தப் பக்கமும் வரும். ஆகவே வரப்பை ஒட்டி இடைவெளி விட்டோ, உயரமான பயிரை வேலியாக வைத்தோ காப்பு செய்யச் சொல்வார்கள். எந்தத் தேதியில் என்ன விதைத்தோம், என்ன போட்டோம், எங்கிருந்து வாங்கினோம் என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சான்று மறுக்கப்படுவதற்குப் பல இடங்களில் இந்த நோட்டு இல்லாததே காரணமாகிவிடுகிறது. அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

மண் அட்டை

மத்திய அரசு 2015-ல் மண் வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. அட்டையில் 12 விவரங்கள் வரும்: கார அமிலநிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், அவற்றோடு துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய நுண்சத்துகள். பலர் அட்டையை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். எடுத்து மூன்று எண்களையாவது பார்க்க வேண்டும்.

அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்திற்குக் கீழ் இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை மத்திமம். அதற்கு மேல் நல்ல வளம். உப்பின் நிலையைக் குறிக்கும் எண் 1-க்குக் கீழ் இருந்தால் பயமில்லை. மணிச்சத்து எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் மண்ணில் ஏற்கெனவே இருப்பு உண்டு. அப்படிப்பட்ட நிலத்தில் பழக்கத்திற்காக ஒவ்வொரு பருவமும் டி.ஏ.பி. மூட்டையைக் கொட்டுவது பணத்தைக் கொட்டுவதாகும். அந்த மூட்டையில் 18:46 என்று இருப்பது, நூறு கிலோவில் 18 கிலோ தழைச்சத்து, 46 கிலோ மணிச்சத்து என்பதைக் குறிக்கிறது. மண் அட்டையையும் மூட்டை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடைக்காரர் சொல்லும் ‘எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்’ என்ற பேச்சுக்கு இடமிராது.

இந்த அட்டை சொல்லாதது என்ன? பூச்சி மருந்தின் எச்சம் மண்ணில் உள்ளதா, குரோமியம் போன்ற உலோகங்கள் சேர்ந்துள்ளனவா என்பது இந்த 12 விவரங்களில் வராது. திண்டுக்கல் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் குறைவு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் கிணறுகள் கெட்ட கதை அவர்களுக்குத் தெரியும். உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று வழங்கிய தீர்ப்பிலேயே அது பதிவாகியுள்ளது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கில், குடிக்கவும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்ததாக அந்தத் தீர்ப்பு எடுத்துக் கூறுகிறது. மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் நிலத்தைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு, தீர்ப்பு வந்தவுடன் மேலே வந்துவிடாது.

கிணற்று நீரை ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு மற்றொரு கணக்கு. நீரின் உப்புக் குறியீடு 2 என்று வந்தால், லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் உப்பு இருப்பதாகக் கொள்ளலாம். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரத்திற்குத் தண்ணீர் கட்டினால் 2 லட்சம் லிட்டர். அத்துடன் நிலத்தில் சேரும் உப்பு சுமார் 250 கிலோ, அதாவது ஐந்து மூட்டை. இது ஒரு தண்ணீருக்கு மட்டும். நல்ல மழை பெய்து கீழே கழுவிவிட்டால் பிழைத்தோம். வறட்சி வருடத்தில் வரப்பு ஓரம் வெள்ளை பூக்கும். நீரின் குறியீடு 0.75-க்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குக் கவலையில்லை. 2.25-க்கு மேல் போனால் சாதாரணப் பயிர்களுக்கு ஆகாது. வெங்காயமும் பீன்சும் உப்புக்கு முதலில் வாடும்; தக்காளி ஓரளவு பொறுக்கும்; சோளமும் பருத்தியும் நன்றாகவே தாங்கும். கிணற்றைப் பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுப்பது என்பது இதுதான்.

அங்ககச் சான்றிலும் இதே ஓட்டை உண்டு. சான்று முக்கியமாகச் சாகுபடி முறையைப் பற்றியது: எதைப் போட்டார்கள், எதைப் போடவில்லை என்பது. சந்தேகம் எழுந்தால் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள். என்றாலும் நிலத்தின் பழைய சரித்திரமும் தண்ணீரின் குணமும் விவசாயிக்குத் தெரிந்த அளவு முத்திரைக்குத் தெரியாது. தெரிந்தவர் அதை மறைக்காமல் ஆய்வாளரிடம் சொல்வது அவருக்கே நன்மை. பின்னால் சரக்கில் ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் குழுவிலுள்ள அத்தனை பேருக்கும் பெயர் கெடும்.

புட்டியில் ஒட்டிய சீட்டு

மாவு பாக்கெட்டுக்கு லேபிள் உண்டு. கூடையில் போகும் தக்காளிக்கும் முருங்கைக்கும் கத்தரிக்கும் எந்த லேபிளும் கிடையாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஏலம் போய், எங்கோ ஒரு வீட்டுச் சமையலறையில் அது வெட்டப்படுகிறது. அதை வாங்கும் தாய்க்குத் தெரிய வேண்டிய விவரம் விவசாயி வீட்டுப் பரணில் இருக்கும் மருந்துப் புட்டியில்தான் அச்சிட்டிருக்கிறது.

புட்டியின் முகப்பிலுள்ள முக்கோணத்தின் நிறம் நச்சின் அளவைக் காட்டும். சிவப்பு கடும் விஷம், மஞ்சள் அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று எண்ணக் கூடாது. நச்சு குறைவு என்பது மட்டுமே. உடன் வரும் துண்டுச் சீட்டில், மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று எழுதியிருக்கும். இதைக் காத்திருப்புக் காலம் என்பர். இது மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் மாறும். பக்கத்துக்காரர் சொன்ன நாள் கணக்கு உதவாது.

இங்கேதான் சிக்கல். தக்காளியையும் கத்தரியையும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பறிக்கிறோம். காத்திருப்புக் காலம் ஏழு நாள் உள்ள மருந்தை அடித்துவிட்டு மூன்றாம் நாள் பறித்தால், அடித்தது கூடையோடு போகிறது. கழுவினால் மேலே ஒட்டியது கொஞ்சம் போகும்; செடிக்குள் ஊடுருவும் மருந்து போகாது. ஆகவே காய்ப்புப் பருவத்தில் நாள் குறைந்த மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும். முதலில் பறித்துவிட்டுப் பிறகு அடிக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைச் சாறு ஆகியவற்றை முன்னதாகவே கையாண்டால் கடைசி நேர மருந்து குறையும். சீட்டில் அந்தப் பயிரின் பெயரே இல்லாத மருந்தை அந்தப் பயிருக்கு அடிக்கக் கூடாது. வீட்டுக்கு இரண்டு பாத்தி தனியாக மருந்தில்லாமல் வைத்துக்கொண்டு, விற்பனைக்கு மட்டும் தாராளமாக அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அவர்களும் மற்ற காய்கறிகளைக் கடையில்தானே வாங்குகிறார்கள்!

மாதிரி எடுக்கும் முறை

மண் மாதிரியை அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு உரமிடுவதற்கு முன் எடுக்க வேண்டும். எருக்குழி ஓரம், வரப்பு ஓரம், மரத்தடி, கிணற்றடி ஆகிய இடங்களை விட்டுவிட்டு, ஒரே மாதிரியான வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுக்கவும். மேலுள்ள சருகைக் கையால் விலக்கி, மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ எழுத்துப் போல 15 செ.மீ. ஆழத்திற்கு வெட்டி, அந்த மண்ணை அப்புறப்படுத்திவிட்டு, குழியின் சரிவில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுக்கவும். வாழை, கரும்பு, பருத்தி என்றால் 22.5 செ.மீ. ஆழம். உர மூட்டைச் சாக்கில் மண்ணைப் போடக் கூடாது. எல்லாவற்றையும் சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்குகளைத் தள்ளி, மீதியை மறுபடி அதேபோல் பிரித்து அரைக் கிலோ அளவுக்குக் கொண்டுவரவும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயர், ஊர், சர்வே எண், முன் பயிர், அடுத்த பயிர் ஆகியவற்றை எழுதி வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ, காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் மூலமாகவோ கொடுக்கலாம்.

தண்ணீருக்கு, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து இறுக மூடி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பருவமழை முடிந்த பின் ஒருமுறையும், கிணறு வற்றும் சித்திரையில் ஒருமுறையும் எடுப்பது நல்லது. ஐப்பசித் தண்ணீரும் சித்திரைத் தண்ணீரும் ஒன்றாக இருப்பதில்லை.